முதல் குரூப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போவது எதற்காக?

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, சில இடங்களில் தனியாக ஒரு தேர்வும் வைத்து, பொறுக்கிச் சேர்க்கும் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவுகள் பெரம்பூர் முதல் திருவொற்றியூர் வரை இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்த பிள்ளைக்கு டியூஷன் எதற்கு என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் பெரும்பாலானவர்கள் போகிறார்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வந்து படித்துவிட்டு, இரவு ஒன்பதுக்கு மேல் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் கிடைக்காத இரண்டு விஷயங்களை அவர்கள் வெளியே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

முதலாவது கணிதம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் இயற்பியலின் 2ஆவது அலகே இயக்கவியல். அதைத் தொடவே வெக்டர் (திசையும் சேர்ந்த அளவு), வகையிடல் (மாறும் வேகத்தைக் கணக்கிடுவது), தொகையிடல் (சிறு சிறு மாற்றங்களைக் கூட்டுவது) மூன்றும் வேண்டும். கணிதப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன: வெக்டர் 8ஆம் பாடம், தொகையிடல் 11ஆம் பாடம். கணித ஆசிரியர் அங்கே வந்து சேர்வதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். இயற்பியல் புத்தகம் இவற்றைச் சில பக்கங்களில் அறிமுகப்படுத்துகிறது. கணக்குப் போட்டுப் பழக அது போதாது. இதற்கிடையே கோடை விடுமுறையிலேயே டியூஷனில் வகையிடலை முடித்துவிட்டு வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள், வகுப்புக்கே புரிந்துவிட்டதென்று ஆசிரியர் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறார். மற்றவர்கள் ஜூலையில் டியூஷன் தேடக் கிளம்புகிறார்கள். கணிதமே இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்ந்து நீட் எழுதப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாம் தொகுதியும் கிடையாது.

இரண்டாவது, போட்ட கணக்கை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது. ஓர் உதாரணம் தருகிறோம். 10 கிலோ கட்டை ஒன்று சமதளத்தில் கிடக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. அதைக் கிடைமட்டமாக 20 நியூட்டன் விசையால் இழுத்தால் உராய்வு விசை எவ்வளவு? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிலும் பலர் 50 என்று எழுதுவார்கள். குணகத்தை எடையால் பெருக்கும் சூத்திரம் (புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டால் 0.5 × 100) தருவது உராய்வின் உச்ச அளவை. கட்டை நகராதவரை உராய்வு இழுவைக்கு ஈடாகவே இருக்கும், ஆகவே விடை 20. இதற்கு டியூஷனில் ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள்: இழுவை உச்ச அளவைவிடக் குறைவென்றால் இழுவையே விடை. சமதளத்தில் அது சரி. அதே கட்டையை 30 டிகிரி சாய்தளத்தில் வைத்து, கயிற்றால் மேல்நோக்கி 20 நியூட்டன் இழுக்கட்டும். எடை சரிவின் வழியே கீழ்நோக்கி 50 இழுக்கிறது, உராய்வு மேல்நோக்கி 30 தர வேண்டும். உச்ச அளவு சுமார் 43 என்பதால் கட்டை நிற்கும். குறுக்குவழிக்காரர் இங்கேயும் 20 என்றே எழுதுவார். கட்டைமேல் செயல்படும் எல்லா விசைகளையும் குறித்து விசைப்படம் வரைந்தாரா என்று விடைத்தாளை வாங்கிப் பார்த்தால்தான் தவறு எங்கே தொடங்கியது என்று தெரியும். 60 பேர் உட்காரும் டியூஷன் ஹாலிலும் அதை யாரும் பார்ப்பதில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் போன்ற பள்ளிகளில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே நுழைவுத் தேர்வை வைத்துச் சேர்க்கிறார்கள், அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி மையங்கள் நடக்கின்றன. வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி 2020இல் நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பிலிருந்தும் 1.5 விழுக்காடு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியது. சேர்க்கை முறையை மாற்றினால் உள்ளே வருகிறவர்கள் மாறுவார்கள். வந்த பிறகு முன்பே படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள தூரத்தை வகுப்பறையில்தான் குறைக்க முடியும்.

அதற்கு வழி உண்டு. ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களில் பள்ளிகள் 15 பீரியடை ஒதுக்க வேண்டும். வெக்டருக்கு 5, வகையிடலுக்கு 6, தொகையிடலுக்கு 4. எல்லைக் கோட்பாடும் நிரூபணங்களும் கணித வகுப்பில் பிறகு வரட்டும். சரிவு, வரைபடத்தின் கீழுள்ள பரப்பு என்ற அளவில் கை பழகினால் இயக்கவியலுக்குப் போதும். தூய அறிவியல் பிரிவையும் கட்டாயம் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.

பிறகு வாரம் மூன்று நாள் மாலையில் 90 நிமிடம், ஓர் அறையில் 25 பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து கணக்கு: இரண்டு அன்றைய பாடம், இரண்டு போன மாதப் பாடம், ஒன்று ஒன்பது அல்லது பத்தாம் வகுப்பிலிருந்து. முதல் 40 நிமிடம் பேச்சில்லாமல் தனியாகப் போடட்டும். ஆசிரியர் சுற்றி வந்து, முதல் தவறு விழுந்த வரியில் ஒரு கோடு மட்டும் இட வேண்டும். விடையைச் சொல்லிவிட்டால் அந்த மாலை வீண். கருத்தில் பிழையா, கணிதத்திலா, அளவீட்டு அலகிலா, கேள்வியைப் படித்ததிலா என்று மாணவரே ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். அலகுப் பிழை ஒரே மாதத்தில் குறையும், கருத்துப் பிழைக்கு நாளாகும். பிளஸ் டூ பொதுத்தேர்வில் இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம். நீட்டில் அதே மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி, தவறானால் ஒரு மதிப்பெண் போகும். ஆனால் நேரம் வைத்துப் போடும் பயிற்சியை அரையாண்டுக்கு முன்பே தொடங்கினால் பிள்ளைகள் ஊகிக்கத்தான் பழகுவார்கள்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். மாலை வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு மதிப்பூதியமும், காலையில் இரண்டு பீரியட் குறைவும் தந்தால் போதும். 2024இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்களிலும், மாலையில் ஓர் இயற்பியல் ஆசிரியரும் ஒரு கணித ஆசிரியரும் உட்காரலாம்.

கடைசியாக, பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிவு வந்ததும் ஒரே மாணவரின் படம் பள்ளி பேனரிலும் டியூஷன் பேனரிலும் தொங்குகிறது. யார் சொல்லித் தந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை. செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். எந்தப் பாடத்துக்கு டியூஷன், எந்த வகுப்பிலிருந்து, வாரம் எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு கட்டணம், எதற்காக. பள்ளியின் பெயரோடு அந்த விவரத்தை மே மாதத்துக்குள், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன், வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல், கணித ஆசிரியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.