வேறு வைத்த அடுப்பு

பள்ளத்தூர்,
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லோரையும் விட்டு விலகுகிறேன் என்று நினைக்கிறீர்களா ஆத்தா?" என்றாய். போனை வைத்துவிட்டு, வீட்டின் பின்பக்கம் அடுப்புகள் இருக்கும் இரண்டாம் கட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

நினைத்தேன், தம்பி. வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவிலிருந்து நீ வெளியேறிய வாரம் முழுக்கப் பங்காளி வீடுகளில் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். கோபமா, யாரும் ஏதும் சொல்லிவிட்டார்களா என்று. அலுவலக வேலை முடிந்தும் சனி, ஞாயிறு எல்லாம் நீ சொந்தமாக ஒரு சேவையகம், அதாவது படமும் கோப்பும் வைத்திருக்கும் கணினி, சொந்தமாக ஒரு மின்னஞ்சல் என்று திரையின் முன்னாலேயே இருப்பதாகச் சொன்னபோது, பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றுதான் என் மனம் பதறியது.

இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த வரிசை அடுப்புகளைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணமான மறு வருடம் உன் அப்பத்தா எங்களை வேறு வைத்தார்கள். நம் வீடுகளில் வழக்கம்தான் என்றாலும் எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. என்ன தப்புச் செய்தேன், ஏன் என்னைத் தனியே பிரிக்கிறார்கள் என்று. உள்முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறையின் சாவி, பாத்திரங்கள், வருடத்துக்கான அரிசி, கைச்செலவுக்குப் பணம், எல்லாம் கொடுத்து, "உன் உலையை நீ வை. மற்றபடி எப்போதும் போல இரு" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. ஒரே கூரை, ஒரே முகப்பு, ஒரே கிணறு. அடுப்பு மட்டும் நான்கு. விசேஷம் என்றால் ஒரே பந்தி. என் அரிசி குறைந்தால் எனக்குத் தெரியும், என் கணக்கு நான் எழுதினேன். மூத்தவர்கள் மனம் மாறினாலும் என் அடுப்பு அணையாது. பிரிந்தோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சண்டை குறைந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீ செய்திருப்பதும் வேறு வைத்துக்கொண்டதுதான் என்று அன்று எனக்கு விளங்கியது. மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல, யார் தன் வீட்டிலிருந்து அனுப்பினாலும் மற்றவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்படி அமைத்த பொது முறை என்று நீ முன்பு சொன்னாய். அப்போது தலையாட்டினேன். இப்போதுதான் புரிந்தது.

உன்னைப் பெற்ற அப்பச்சியின் சாந்திக் கல்யாணப் படங்கள் போனபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். படங்களை வைத்திருந்த நிறுவனம் அந்தச் சேவையை மூடிவிட்டது. அறிவிப்பு, நாம் யாரும் பார்க்காத ஒரு முகவரிக்கு வந்து கிடந்தது. அப்பச்சி இருந்தவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் உன்னை இந்த வழியில் இறக்கியது என்று எனக்குத் தெரியும்.

உன் பாட்டையா 1942இல் பர்மாவின் இரங்கூனிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். கொடுத்த கடன், நிலம், கடை எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ஆனால் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய கணக்கு நகல் பெட்டகத்தில் இருந்தது. ஒரு பைசா திரும்பவில்லை. இருந்தும் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதை அவர் கடைசிவரை அறிந்திருந்தார். மூன்று நகல், அதில் ஒன்று வேறு ஊரில் என்று நீ சொல்லும் விதியைக் கேட்டால் அவர் புதிதாக ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

நீ செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது எது தெரியுமா? என் சமையல் குறிப்புகள். கிளை நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், மாலை நேரங்களில் கணினியில் தட்டி வைத்தவை. அன்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டைத் தமிழக அரசு ஏற்றதே 2010இல்தானே. பிறகு அந்த எழுத்துருவும் போனது, கணினியும் போனது. கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளாக இருந்தது. நீ மூன்று ஞாயிறு உட்கார்ந்து மாற்றி எழுதும் நிரல் ஒன்று செய்தாய். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, பின்னால் கொண்டுவர வேண்டும் என்று என்னிடம் விளக்கினாய். கவுனி அரிசியும் கந்தரப்பமும் மறுபடி தமிழாக வந்த இரவு நான் தூங்கவே இல்லை.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உன் சேவையகத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருப்பதாகச் சொன்னாய். என்ன படித்தாய் என்று கேட்டால், வகைப்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்றாய். அலமாரி செய்வதிலேயே வயது போய்விடும், தம்பி. இரவில் அரைமணி நேரம் திரையை மூடிவிட்டுப் படி.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகப் பழைய புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துக் காத்தார். அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது, சிகாகோ பல்கலைக்கழகம் கைகொடுத்ததால். சேர்த்தவர் போன பிறகும் பிறர் எடுத்துத் திறக்க முடிந்தது. உன் பெட்டியை, உனக்கு ஒன்று என்றால், யார் திறப்பார்கள்? அந்தப் பேச்சைப் பேசவே என் கை நடுங்குகிறது. ஆனாலும் கேட்கிறேன். கடவுச்சொற்களையும், எது எங்கே இருக்கிறது என்பதையும், உன் தங்கைக்கும் விளங்கும்படி தமிழில், காகிதத்தில் எழுது. பெட்டகத்தில் மேல்தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன்.

குடும்பக் குழுவுக்கு நீ திரும்ப வேண்டாம். ஆனால் மாதம் ஒரு கடிதம் சித்தப்பாக்களுக்கும் அத்தைக்கும் உன் முகவரியிலிருந்தே அனுப்பு. பந்திக்கு வராமல் அடுப்பு மட்டும் தனியாக இருந்தால் அதற்குப் பெயர் வேறு வைத்தல் இல்லை, பிரிவு.

தீபத்தன்று கோடி வேட்டியிலிருந்து முதல் இழை எடுத்தாயிற்று. தினம் ஒன்றாக இருபத்தொன்று சேர்ந்ததும் பிள்ளையார் நோன்பு. பாட்டையா காலத்தில் மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். ஊரை விட்டுப் போய் உனக்கு இது ஐந்தாவது வருடம். டிக்கெட் கிடைத்தால் வந்து என் கையால் இழை எடுத்துக்கொள். அந்தக் காகிதத்தையும் அப்போதே கொண்டுவா.

அன்புடன்,
ஆத்தா