பாப்பாவுக்கு, மக்காச்சோளம் விஷயமா

பாப்பா,

கதிர் ஒடிச்சு குமிச்சு வச்சோம், நடுவுல மழை வந்து நனைஞ்சுருச்சு, பூசணம் புடிச்சத மாட்டுக்குப் போட்டுக்கலாம்னு அத்தை சொல்றாங்கன்னு நேத்து போன்ல சொன்னேல்ல, அதை மட்டும் பண்ணிராத கண்ணு. அத்தைகிட்ட பக்குவமா சொல்லு, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் போட்டாங்க.

மணி மேல பச்சையும் மஞ்சளுமா பொடி மாதிரி படியுதே, அந்தப் பூசணம் விடுற விஷத்துக்குப் பேரு அஃப்ளடாக்சின். மாடு தின்னா ஒரு நாளைக்குள்ள பால்ல இறங்கிரும், காய்ச்சினாலும் போகாது, குட்டிப்பய அந்தப் பாலத்தான குடிக்கிறான்? கல்லீரலத்தான் பிடிக்கும், நாள்பட்டா கேன்சர் வரைக்கும் போகும். 1974ல ராஜஸ்தான் பன்ஸ்வாரா, குஜராத் பஞ்ச்மஹால் பக்கம் மழையில நனைஞ்சு பூசணம் புடிச்ச மக்காச்சோளத்த வேற வழியில்லாம சாப்பிட்டு மஞ்சக்காமாலை வந்து 106 பேர் செத்திருக்காங்க, ஊர் நாயிங்களும் செத்துச்சாம். கோழிக்கும் ஆகாது, அதுக்குப் போட்டுரலாம்னும் நினைக்காத. கெட்ட கதிர தனியா பொறுக்கி குழி தோண்டி மூடிரு, நல்லதோட கலந்து விக்கவும் வேணாம், அதைத் தின்னப்போறதும் யாரோ ஒருத்தர் வீட்டுப் புள்ளதான்.

மிச்சத்த உடனே குமியப் பிரிச்சு காயப்போடு. குமியா இருந்தா உள்ள சூடேறி வேர்த்துரும், அதுதான் பூசணத்துக்கு வேணும். வெறும் மண்ணுல போடாத, மண்ணுலயே அந்தப் பூசணம் இருக்கு, சிமெண்ட் களம் இல்லாட்டி தார்ப்பாய். இங்க தாண்டிக்குடில காப்பிக்கொட்டைய நாங்க எப்படிப் பார்க்குறோம், மெலிசா பரப்பி அடிக்கடி கிண்டிவிட்டு, பனி இறங்குறதுக்குள்ள மூடி, காலைல வெயில் ஏறினதும் தொறந்து, அதே பக்குவம்தான். காஞ்சப்புறம் மெஷின்ல அடி, ஈரத்தோட அடிச்சா மணி உடையும், உடைஞ்ச மணிலதான் முதல்ல பூசணம் ஏறும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு கீழ வந்தாதான் சாக்குல போடணும். மண்டில மீட்டர் வச்சுப் பார்ப்பாங்க, வீட்டுல பார்க்கணும்னா நல்லா காஞ்ச கண்ணாடி பாட்டில்ல ஒரு கை மணியும் கொஞ்சம் காஞ்ச உப்பும் போட்டு நல்லா குலுக்கி வை, உப்பு கண்ணாடில ஒட்டுச்சுன்னா இன்னும் ஈரம் இருக்கு. ஒட்டலைன்னாலும் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டு. சாக்க பலகை மேல அடுக்கு, சுவத்த ஒட்டி வேணாம்.

அடுத்த போகத்துக்கு மாப்பிள்ளைகிட்ட சொல்லிவை, நூல் விட்டு மணி பிடிக்குற நேரம் தண்ணி குறையக்கூடாது, அந்த நேரம் பயிர் வாடினா இந்தப் பூசணம் வயல்லயே ஏறிரும். படைப்புழு ஓட்டை போட்ட கதிர்லயும் அப்படித்தான், அதனால புழுவ ஆரம்பத்துலயே பாருங்க. மணியோட அடில கருப்பு விழுந்தா முத்திருச்சுன்னு அர்த்தம், அப்புறம் ஆள் கிடைக்கலன்னு வாரக்கணக்கா செடிலயே விட்டுராதீங்க.

எங்க பெரிய தார்ப்பாய அப்பா நாளைக்கு பாச்சலூர் வழியா ஒட்டன்சத்திரம் வர்ற வண்டில குடுத்து விடுறாரு, நாங்க பழசு வச்சு சமாளிச்சுக்குவோம். இந்தப் பூசணக் கதிர மாட்டுக்கு ஏற்கனவே போட்டிருந்தா உடனே நிறுத்திட்டு, கால்நடை டாக்டர்கிட்ட கேக்குற வரைக்கும் பையனுக்கு வேற பால் வாங்கிக்குடு. போட்டாச்சா இல்லையான்னு இன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிச் சொல்லு.

அம்மா