நிழல் அளக்க ஓர் ஆள் வேண்டும்

கும்பகோணம்
மே 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? காரணமாகத்தான் கேட்கிறேன். நாகர்கோவிலில் உன் வீட்டு மொட்டைமாடி எனக்கு ஒரு மத்தியானம் வேண்டும்.

ரிட்டையர் ஆனதும் கொஞ்ச நாள் சும்மா கிடக்கலாம் என்றுதான் ஊருக்கு வந்தேன். அறிவியல் இயக்கத்து ஆட்கள் விடவில்லை. பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் பத்து நாள் கோடை முகாம். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை 32 பிள்ளைகள். திங்கட்கிழமை சாக்பீஸ் கைக்கு வந்துவிட்டது.

முப்பத்தொரு வருஷம் உலோகம் துருப்பிடிப்பதைப் பற்றி ஆராய்ந்தேன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். பின்வரிசையில் ஒரு பையன், "துருவைப் பாக்கவா மிஸ் சம்பளம் குடுத்தாங்க?" என்றான். நம் மாமியார்கள்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை! அடுத்தவள் சும்மா இருப்பாளா? "பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆவுது. அருவாளைத் தேச்சா மறுநாளே துரு ஏறுதே, ஏன் மிஸ்?" இது என் பேட்டை. புளியின் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கும், அடியில் இருக்கும் உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. இரும்பிலோ துருவோடு சேர்த்து இரும்பையும் அரிக்கும், வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றில் நின்றால் உடனே மறுபடி துரு. அன்றைக்குத் தப்பித்தேன்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். திசைகளைப் பற்றிப் பேச்சு. கரும்பலகையில் ஒரு கொம்பு, தெற்குப் பக்கம் சூரியன், வடக்குப் பக்கம் நிழல் என்று வரைந்து, "நண்பகலில் நிழல் வடக்கே விழும்" என்றேன். ஏழாவது படிக்கும் ஒரு சிறுமி எழுந்தாள். "இல்ல மிஸ், இப்ப தெக்காலதான் விழும். சித்திர பொறந்து அஞ்சாறு நாள் ஆனா ஆட்டச் செவுத்துக்குத் தெக்காலதான் கட்டுவோம்." எனக்கு ஒரு நிமிஷம் காது சூடானது. நான் வரைந்தது கடகரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளின் படம். அங்கே சூரியன் வருஷம் முழுக்க மத்தியானத்தில் தெற்கேதான் நிற்கும். நம் ஊரிலோ ஏப்ரல் 18 வாக்கில் அது உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பும். பிஎச்டி வாங்கியவளுக்குப் படம் மனப்பாடம். அவளுக்கு ஆட்டைக் கட்டிப் பழக்கம்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன், வாங்க பாக்கலாம்" என்று எல்லாரையும் வெயிலுக்கு இழுத்துப் போனேன். ஒரு மீட்டர் கொம்பு, 13 சென்டிமீட்டர் நிழல், நேர் தெற்கே. அதற்கப்புறம் வகுப்பே மாறிவிட்டது, மல்லிகா. அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் என்னைத் திருத்தக் காத்திருக்கிறார்கள். நான் தோற்றதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்னோடு வருகிற இன்னொருவர் இயற்பியல்காரர். முதல் நாள் அறுபது ஸ்லைடு போட்டார், பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டன. பாவம், மனுஷர் வாடிப்போனார். மறுநாள் ஒரு பழைய சைக்கிள் டைனமோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப் இருக்கிறதே, ஃபோல்ட்ஸ்கோப், அதிலும் இரண்டு கொண்டுவந்திருக்கிறார். 140 மடங்கு பெரிதாகக் காட்டும். வாய்க்கால் தண்ணீரில் நீந்தியதைப் பார்த்துவிட்டு ஒருவன் இனிமேல் அதில் குளிக்க மாட்டேன் என்கிறான். திறப்பு விழாவுக்கு வந்து "நீங்களும் விஞ்ஞானி ஆகலாம்" என்று பேசிச் சால்வையோடு போனவரை ஒருவருக்கும் ஞாபகமில்லை.

1980 பிப்ரவரி 16 உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சூரிய கிரகணம். உன் அத்தை பிள்ளையாண்டிருந்தாள் என்று கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டார்கள். ஓட்டுச் சந்து வழியாக வந்த வெளிச்சம் தரையில் சின்னச் சின்னப் பிறைகளாக விழுந்ததைப் பார்த்து நீதான் முதலில் கத்தினாய். அது ஏன் என்று சொல்ல அன்றைக்கு ஊரில் நமக்கு ஒருவரும் இல்லை. நான் கல்லூரிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன். நீ பேங்குக்குப் போய்விட்டாய்.

சரி, மொட்டைமாடிக்கு வருகிறேன். 19ஆம் தேதி இங்கேயும் அங்கேயும் ஒரே நாளில் நிழலை அளக்க வேண்டும். சுமார் 2,200 வருஷங்களுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்குதான். நிழலிலிருந்து கோணம் கிடைக்கும். இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசமும், வடக்கு தெற்காக நமக்கிடையே உள்ள ஏறக்குறைய 310 கிலோமீட்டரும் இருந்தால் பூமியின் சுற்றளவைப் போட்டுவிடலாம்.

சரியாக ஒரு மீட்டர் கொம்பு. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது நேராக நிற்கிறதா என்று பார். உங்கள் ஊரில் உச்சிவேளை பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.17 வாக்கில். அதனால் 12.05 முதல் 12.30 வரை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் புள்ளி வை. எது மிகக் குட்டையோ அதை மில்லிமீட்டர் வரைக்கும் குறித்துக்கொள். ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொன்னால் பூமி ஆறேழாயிரம் கிலோமீட்டர் இளைத்துவிடும். குறைத்துச் சொன்னால் பத்தாயிரம் பருத்துவிடும். கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

கால் வலித்தால் பேரனைப் புள்ளி வைக்கச் சொல்லிவிட்டு நீ குடையோடு நாற்காலியில் இரு. தென்னை நிழல் விழாத மூலையாகப் பார். 12.45க்கு ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிடுவேன், அந்த ஆட்டுக்காரச் சிறுமிதான் பேசுவாள். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேட்பாள், சொல்லிவிடாதே. மேகம் போட்டால் 20ஆம் தேதி, அதுதான் முகாமின் கடைசி நாள்.

உன்
சுந்தரி