‘ஒரு வருடம்தானே, கையெழுத்துப் போடட்டும்’ என்று சொல்லாதீர்கள்

இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் ஆஜராகத் தொடங்கியிருக்கும் இளம் சட்டத்தரணிகளுக்கு,

வணக்கம். நீதிமன்ற விறாந்தையில் வைத்து அரச தரப்பு உங்களிடம் ஒரு நாள் கேட்கும்: “புனர்வாழ்வுக்குச் சம்மதமென்றால் குற்றப்பத்திரம் வேண்டாம். ஒரு வருடம்தானே?” புனர்வாழ்வு என்றால் வழக்குக்குப் பதிலாக அரச நிலையமொன்றில் வைத்திருப்பது. உங்கள் கட்சிக்காரர் விளக்கமறியலில் ஏற்கெனவே காலம் கழித்துக் களைத்திருப்பார். வெளியே அவருடைய தாய் நிற்பா. ஓம் என்று சொல்லிவிடுவதே புத்தி என்று தோன்றும். அந்த ஓமுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, புலிகள் இயக்கத்தவர் என்று கருதப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, சட்டத்தரணி இல்லை. 2009 ஜூலைக்குப் பிறகு சர்வதேச செஞ்சிலுவைக் குழுவையும் உள்ளே விடவில்லை. அந்தப் புனர்வாழ்வை முடித்து வந்தவர்களில் சிலர் 2014 இலும் 2016 இலும் திரும்பக் கைதானார்கள். ஆகவே புனர்வாழ்வு முடித்ததற்கான சான்றிதழ் யாருக்கும் கவசமாக இருந்ததில்லை. இதைக் கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2021 மார்ச்சில் தடைச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளோடு வந்த வர்த்தமானி இன்னும் ஒரு படி மேலே போனது. பேச்சாலோ எழுத்தாலோ இன, மத முரண்பாட்டைத் தூண்டினார் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவரை வழக்கே இல்லாமல் ஒரு வருடம் அனுப்பலாம், பிறகு ஆறு ஆறு மாதமாக நீட்டி இரண்டு வருடமாக்கலாம் என்றது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் இடைக்காலத் தடை விதித்து, 2023 இல் அந்த ஒழுங்குவிதிகளையே செல்லாதவை ஆக்கியது. ஆனால் இடையில், 2022 செப்டெம்பரில், புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் வந்தது. முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்கள், ‘வேறெந்தக் குழுவினரும்’ என்ற சொற்களை எடுக்காவிட்டால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எடுத்தார்கள். 2023 ஜனவரியில் 23 க்கு 6 என்ற வாக்கில் அது நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் 29 பேர்தான் வாக்களித்தார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அந்த 2023 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தில் போதைக்கு அடிமையானோருடன் ‘சட்டத்தால் அடையாளம் காணப்படும் வேறு ஆட்களும்’ மிஞ்சியிருக்கிறார்கள். கட்டடம் தயார், பணியாளர் தயார், ஆள் அனுப்பும் வாசல் மட்டும்தான் பாக்கி. இனி வரும் எந்தப் பயங்கரவாதச் சட்டமும் ஒரே பிரிவில் அதைத் திறந்துவிடலாம். 2018 வரைவிலும் 2023 வரைவிலும் அந்தப் பிரிவு இருந்தது: சட்டமா அதிபர் குற்றப்பத்திரத்தை ஒத்திவைப்பார், சந்தேகநபர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது, புனர்வாழ்வில் பங்குபற்றுவது போன்ற நிபந்தனைகளை விதிக்கலாம். அடுத்த வரைவு எந்தப் பெயரில் வந்தாலும் வரைவிலக்கணத்துக்கு முன் இந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

இது போராளிகளோடு நிற்கும் விஷயமும் அல்ல. 2022 ஆகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே இதே தடைச் சட்டத்தில் 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவில் வைக்கப்பட்டார். 2023 ஜனவரி 31 இல் கொழும்பு பிரதான நீதவான் அந்தச் சட்டத்தின் கீழான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தார். இடையில் ஒரு புனர்வாழ்வுத் தாளில் கையெழுத்து விழுந்திருந்தால் நீதவானுக்கு அந்த வேலையே இருந்திருக்காது.

இனி விறாந்தைக்கு வருவோம். வாய்ப்பேச்சுக்குப் பதில் சொல்லாதீர்கள், முன்மொழிவை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? முடிவுத் திகதி எது, நீட்டும் அதிகாரம் யாருக்கு? வழக்கு ஒரேயடியாக முடிகிறதா, ஒத்திவைப்புத்தானா? பெரும்பாலும் ஆட்கள் வழுக்கி விழுவது இந்தக் கடைசிக் கேள்வியில். ஒத்திவைப்பு என்றால் நிபந்தனை மீறினார் என்று சொல்லிக் குற்றப்பத்திரம் திரும்ப வரும். அப்போது அவர் கேட்ட மன்னிப்பையே ஒப்புதலாகக் காட்ட முயல்வார்கள். சிங்களத்தில் மட்டும் உள்ள தாளுக்குக் கையெழுத்தே வேண்டாம். தமிழ்ப் பிரதி கேளுங்கள், தவணை தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

மற்ற வழியையும் கணக்குப் பார்த்து வையுங்கள். தடைச் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி, கைதாகி 12 மாதம் கடந்தும் வழக்கு விளக்கம் தொடங்கவில்லையென்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம். அவர்கள் சொல்லும் ‘ஒரு வருடம்தானே’ என்பதை இதோடு ஒப்பிட்டுக் கட்சிக்காரருக்கு விளங்கப்படுத்துங்கள். முடிவு அவருடையது.

கைதானவுடன் செய்ய வேண்டியவையும் உண்டு. 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இதை நம்பி முறைப்பாட்டுத் துண்டை மட்டும் மடித்து வைத்துக்கொள்வது வழக்கமான பிழை. விசாரணை உண்மையில் நடக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கும், ஆகவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் கோவையில் சேருங்கள். தடுப்புக்காவல் இடத்துக்கு நீதவான் மாதம் ஒரு தடவை போக வேண்டும். போகாவிட்டால் பிரேரணை போடுங்கள். காயம் இருந்தால் அன்றே சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேளுங்கள், ஒரு வாரம் போனால் தழும்புக்கு வேறு காரணம் சொல்வார்கள்.

அதையும் மீறி ஒருவர் உள்ளே போக நேர்ந்தால், போகும் நாளிலேயே வைத்திய அறிக்கை வேண்டும். 2022 இல் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்தபோது கைதானவர்கள் இராணுவத்தையும் விமானப்படையையும் சேர்ந்தவர்கள். நிலையத்தில் ‘மனமாற்றம்’ அளக்கிறார்கள் என்றால் அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையை எடுங்கள். அது தரும் சிந்தனைச் சுதந்திரத்துக்கு, மற்ற உரிமைகளை மட்டுப்படுத்த இடம்தரும் 15 ஆம் உறுப்புரையின் மட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. அதில் கைவைக்கும் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். ஆனால் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. எனவே சட்டத்துக்கே எதிராக இந்த வாதத்தை வைக்க வேண்டிய இடம் சட்டமூலக் கட்டம்.

வெளியே வந்த பிறகு புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வருவார், தொலைபேசியில் கூப்பிடுவார். எழுத்திலான அழைப்பு இல்லாமல் தனியே போகவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வந்தவரின் பெயர், பதவி, திகதி, நேரம், இலக்கம் ஒரு கொப்பியில் எழுதப்பட்டு, யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களிலுள்ள ஆணைக்குழு அலுவலகங்களில் அருகிலுள்ளதற்கு அன்றே போகவேண்டும்.

இப்படிக்கு,
இவ்வழக்குகளைத் தொடர்ந்து கவனித்து வரும் சிலர்