கட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடு கட்ட ஒப்பந்தக்காரரைத் தேடுபவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன், அவர் கட்டி நாலைந்து மழைக்காலம் கண்ட வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். குளியலறைச் சுவரின் வெளிப்பக்கம் கை வைத்தாலே ஈரக்கசிவு தெரிந்துவிடும். ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். குடியிருப்பவரிடம் பேசுங்கள், குறை சொன்னபோது ஒப்பந்தக்காரர் வந்தாரா என்று கேளுங்கள்.

நாங்கள் இதையெல்லாம் செய்யாமல் ஏமாந்தோம். தளம் போட்டால் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். இன்று மொட்டை மாடி முழுக்க விரிசல்.

அப்புறம், எந்தச் சிமென்ட், எந்தக் கம்பி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தவணையை வேலை முழுதாக முடிந்த பிறகே கொடுங்கள்.

- ஒரு வாசகர்