கையில் கொடுத்த நாற்பதாயிரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கணவரின் வைத்தியத்துக்காகப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கினேன். பச்சைத் தேயிலை விலை இறங்கியதும் வட்டி நின்றுபோனது. வழக்குப் போட்டார்கள். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 3 லட்சத்துச் சொச்சம் கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

அந்த வாரமே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "மஞ்சக் கடுதாசி கொடுத்துடு, கடன் போயிடும்" என்றார்கள் பலர்; கோர்ட்டில் போடும் திவால் மனுவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தோட்டத்தைத் தம்பி பெயருக்கு எழுதிவிடச் சொன்னவர்களும் உண்டு. நான் பயந்துபோய், வளையலை விற்று 40,000 ரூபாயைக் கடன் கொடுத்தவர் கையிலேயே கொடுத்தேன். இலை எடைச் சீட்டின் பின்பக்கத்தில் 'வரவு' என்று மட்டும் எழுதித் தந்தார். பிறகு வந்த ஜப்தி மனுவில் முழுத்தொகையும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் ஊட்டியில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். அந்த வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்தது: தீர்ப்புக்குப் பிறகு வெளியில் கொடுக்கும் பணத்தைக் கோர்ட்டில் பதிய வேண்டும். வாங்கியவர் பதியாவிட்டால், கொடுத்தவர் 30 நாளுக்குள் மனுப்போட வேண்டும். பதியாத பணத்தை ஜப்தி மனுவில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எனக்கு அந்த 30 நாள் எப்போதோ போய்விட்டது.

பணத்துக்கான தீர்ப்பில் பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்றும் சொன்னார். கடன் கொடுத்தவர் ஜெயில், ஜெயில் என்று சொல்லியே என் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். அங்கேயே அழுதுவிட்டேன்.

மஞ்சக் கடுதாசி பற்றியும் கேட்டேன். இன்னும் 1920ஆம் வருடச் சட்டம்தானாம். திவால் என்று அறிவித்துவிட்டால் தோட்டம் கோர்ட் பொறுப்புக்குப் போய்விடும், விற்றுப் பங்கு போடுவார்கள். மனுவுக்கு முந்தைய 2 வருடத்தில் காசு வாங்காமல் சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்யலாம். கடுதாசி கொடுத்த அன்றே கடன் போகாது. கோர்ட் விடுவித்து உத்தரவு போட வேண்டும். நாலைந்து பேரிடம் வாங்கி, விற்க எதுவும் இல்லாமல் கூலிக்குப் போகிறவருக்கு அது கைகொடுக்கும். "உங்களுக்கு இருப்பது ஒரே கடன், ஒரே தோட்டம். பேசி முடிங்க" என்றார்.

மக்கள் நீதிமன்றத்தில் 2,40,000க்கு முடிந்தது. பையன் திருப்பூரிலிருந்து அனுப்புவதையும் சேர்த்து மாதம் 10,000, 24 தவணை. அங்கே எழுதிய முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஆனால் கையில் கொடுத்த 40,000ஐ அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்ப்பு நகல் தரும்போது, 'பணம் கொடுத்தால் 30 நாளுக்குள் கோர்ட்டில் பதியவும்' என்று தமிழில் ஒரு வரி அச்சடித்துச் சேர்த்துத் தர வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் மூலம் நீதித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.