கரும்பலகையில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஓவிய வகுப்பில் மாதிரிப் படம் போட்டுவிட்டு "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்வதை வாரத்தில் ஒரு நாளாவது நிறுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். படத்துக்குப் பதிலாக, என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

"இஷ்டப்பட்டதை வரையட்டும்" என்று விட்டுவிடலாமே என்பீர்கள். விட்டுப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு என்று வரைந்தார்கள். மீதிப் பேர் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே தொடங்குவதென்று தெரியாத குழந்தைக்கு வெறும் தாள் பயமாகத்தான் இருக்கும்.

ஒரு நாள், "பைக்குள் கைவிட்டு ஒரு பொருளைத் தடவிப் பார், கண்ணால் பார்க்காமல் வரை" என்று எழுதிப் போட்டேன். எப்போதும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் ஒரு சிறுமி அன்று தலை நிமிரவே இல்லை. வரைந்தது ஒரு சாவி. அதன் பற்கள் தாள் முழுக்க மலைத்தொடர் போல நிற்க, வளையம் ஓரத்தில் கடுகளவு கிடந்தது. "விரலுக்கு இதுதான் பெரிசாத் தெரிஞ்சுது, மிஸ்" என்றாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அமெரிக்கக் கலைஞர் சோல் லெவிட் 1971-இல் பாஸ்டனில் ஒரு கலைப் பள்ளிக்காக எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. சுவரில் 50 புள்ளிகளைப் பரவலாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் நேர்கோடுகளால் இணைக்க வேண்டும். புள்ளி எங்கே என்பது வரைபவர் முடிவு என்பதால் சுவருக்குச் சுவர் ஓவியம் மாறும். சின்னப் பிள்ளைகளுக்கு 50 வேண்டாம், 1225 கோடுகள் வரும்! பத்துப் பேர் ஒரு பெரிய தாளைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு புள்ளி வைத்தால் 45 கோடுகள்தான். ஒரு பீரியடில் முடியும்.

செலவு தாளும் பென்சிலும்தான். அப்புறம், மாதிரி காட்டாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள்.

நாலு வாரம் போனதும் குறிப்பு எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் எழுதியது: "மணி அடிக்கிற சத்தத்தை மூணே கோட்டில் வரை." அன்று வகுப்பே, நானும் சேர்ந்து, பென்சிலைக் கையில் பிடித்தபடி மணி அடிப்பதற்காகக் காத்திருந்தோம்.

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை